ரெண்டு சவாரி காசு

அத்தை சிவகாசியிலிருந்து குர்கானுக்கு வந்திருந்தபோது நடந்தது. மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ. ஆளுக்குப் பத்து ரூபாய், பின் சீட்டில் மூன்று பேர். அத்தை ஏறியதும் டிரைவர் திரும்பிப் பார்த்து, "தோ சவாரி" என்றார். "என்னடா சொல்றான்?" என்று அத்தை கேட்டாள். நான் என்னவோ சொல்லி மழுப்பினேன். ஆனால் அவர் நீட்டிய இரண்டு விரலுக்கு இந்தி தெரிய வேண்டியதில்லையே. அத்தை இறங்கி, வெயிலில் நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அப்படிக் கேக்க அவருக்கு உரிமை இருக்கா?" என்று வீட்டில் தங்கமணி கேட்டதிலிருந்து தேட ஆரம்பித்தேன்.

நம் அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு கடை, உணவகம், ஓட்டல், பொழுதுபோக்கு இடங்களில் யாரையும் தடுக்கக்கூடாது என்கிறது. 1948 நவம்பர் 29 அன்று நிர்ணய சபையில் இதன் மீது விவாதம் நடந்தது. 'கடை' என்றால் என்ன என்ற கேள்விக்கு அம்பேத்கர் தந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. வருகிறவர்களுக்குச் சேவை தரத் தயாராக இருக்கும் எவரும் அதில் அடக்கம். உள்ளே விட்டால் மட்டும் போதாது, சேவையையும் தர வேண்டும் என்றார். டீக்கடையில் தனிக் குவளை, சலூனில் கத்தி தொட மறுப்பு என்று பார்த்துப் பழகிய தேசத்துக்கு எழுதிய சட்டம் அல்லவா?

அந்தக் கணக்கில் ஆட்டோவும் கடைதான். ஆனால் பிரிவு சொல்லும் காரணங்கள் ஐந்தே ஐந்து: மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம். உடம்பு அதில் இல்லை. 2016ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. உடல் பருமன் அதிலும் இல்லை. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம் 1976லேயே உயரத்தையும் எடையையும் பாகுபாட்டுச் சட்டத்தில் சேர்த்துவிட்டது. நியூயார்க் நகரம் 2023ல்தான் சேர்த்தது.

எங்கள் ஆட்டோ விவகாரத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வருவது கனடா வழக்கு. 2008 ஜனவரியில் அந்நாட்டுப் போக்குவரத்து ஆணையம் 'ஒரு ஆள், ஒரு கட்டணம்' என்று உத்தரவிட்டது. உடன் உதவியாளர் தேவைப்படுகிற மாற்றுத்திறனாளிகளிடமும், பருமனே குறைபாடாகிவிட்டவர்களிடமும் உள்நாட்டு விமானத்தில் இரண்டாம் சீட்டுக்குக் காசு வாங்கக்கூடாது. விமான நிறுவனங்கள் விடவில்லை, மேலே போனார்கள். அதே நவம்பரில் உச்ச நீதிமன்றம் மனுவை ஏற்க மறுத்துவிட்டது. செலவு எவ்வளவு என்றும் ஆணையம் கணக்குப் போட்டிருந்தது. ஏர் கனடாவுக்கு டிக்கெட் ஒன்றுக்குச் சுமார் 77 சென்ட், வெஸ்ட்ஜெட்டுக்கு 44 சென்ட்!

அதே 2008 ஜூனில் இங்கே தில்லி உயர் நீதிமன்றம், எடை கூடிய விமானப் பணிப்பெண்களைப் பறக்கவிடாமல் நிறுத்தியது சரிதான் என்றது. அது வேலை விவகாரம், பயணி விவகாரம் இல்லை. இருந்தாலும் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று தெரிகிறது.

ஆட்டோக்காரர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது அவ்வளவாக இல்லை. விமான நிறுவனம் அந்தச் செலவை லட்சம் பேர் தலையில் 77 சென்டாகப் பிரித்துவிடலாம். இவருக்கு இருப்பதே மூன்று சீட்டு. ஒன்று போனால் பத்து ரூபாய் போச்சு. யாரிடம் பிரிப்பார்? ஆனாலும் அந்த இரண்டு விரலை மறக்க முடியவில்லை.

ஊருக்குக் கிளம்புகிற அன்று முழு ஆட்டோ பிடித்தேன். அத்தை நடுவில் வசதியாக உட்கார்ந்துகொண்டு, "இதுக்கு எத்தனை சவாரி காசுடா?" என்று கேட்டாள்.