அக்கெனதென்

எகிப்தின் 18ஆம் அரச மரபைச் சேர்ந்த பார்வோன், ஏறத்தாழ கி.மு. 1353 முதல் 1336 வரை ஆண்டவர். இயற்பெயர் நான்காம் அமென்கோதேப். பட்டத்தரசி நெஃபர்டீட்டி.

அன்றைய எகிப்தில் தெய்வங்கள் பல. தீபை நகரத்து அமுனே முதன்மையானவர். அவர் கோயிலில் நிலமும் பொன்னும் குவிந்திருந்தன. அக்கெனதென் சூரிய வட்டாகிய அதெனை மட்டும் உயர்த்தினார். ஐந்தாம் ஆட்சியாண்டளவில் தம் பெயரை மாற்றிக்கொண்டு, நைல் கரையில் வெற்று நிலத்தில் அக்கெததென் என்னும் தலைநகரை எழுப்பினார். இன்றைய அமர்னா அதுவே. இருண்ட கருவறைக்குப் பதிலாக, கூரையற்ற முற்றங்களில் வெயிலிலேயே படையல் நடந்தது. அங்குள்ள சிற்பங்களில் அதெனின் கதிர்கள் சிறு கைகளாக முடிகின்றன. அவற்றின் கீழ் மன்னர் தம் மகளை முத்தமிடுகிறார். எகிப்தியக் கலையில் இத்தனை நெகிழ்ச்சி அரிது.

கல்வெட்டுகளில் அமுனின் பெயர் கொத்தி அழிக்கப்பட்டது. ஆயினும் அதென் வழிபாட்டை முழுமையான ஒருகடவுள் கொள்கை என்பது பொருந்தாது: அதெனை மன்னர் வழியாகவே அணுக முடிந்தது, அமர்னாவின் வீடுகளிலோ பெஸ் முதலிய பழைய தெய்வங்களின் உருவங்கள் கிடைத்துள்ளன.

பின்வந்த பார்வோன் துட்டன்காமுன் காலத்தில் அமுன் வழிபாடு மீண்டது. பிற்காலப் பார்வோன் முதலாம் சேத்தி அபிதோஸ் கோயிலில் பொறித்த அரசர் வரிசையில் அக்கெனதெனின் பெயர் இல்லை.