ஏர்சாஃப்ட் துப்பாக்கியின் மரக்கட்டைக்குப் புது மெருகு: தெரிந்துகொள்ள வேண்டியவை

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுவோம். மலேசியாவில் ஏர்சாஃப்ட் துப்பாக்கி விளையாட்டுப் பொருள் அல்ல. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் போலி ஆயுதம். சிங்கப்பூரில் உரிமமின்றி அதை வைத்திருப்பதும் தருவிப்பதும் குற்றம். இணையத்தில் வாங்கிய பொட்டலம் சுங்கத்துறையிடம் சிக்கிய பிறகு, “பொம்மைதானே சார்” என்று சொல்லித் தப்ப முடியாது. ஆகவே இந்தக் கட்டுரை ஜப்பான், ஹாங்காங், பிரிட்டன் போன்ற நாடுகளில் படிக்கவோ வேலை செய்யவோ சென்று, அங்கே சட்டப்படி இவ்விளையாட்டில் சேர்ந்திருக்கும் நம்மவர்களுக்கானது.

ஏர்சாஃப்ட் 1970களில் ஜப்பானில் தோன்றியது. உண்மையான துப்பாக்கி வைத்துக்கொள்வதற்கு அங்கே கடும் கட்டுப்பாடு இருந்ததால், 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டுகளைச் சுடும் மாதிரிகள் சூடுபிடித்தன. 1991இல் டோக்கியோ மருய் நிறுவனம் மின்கலத்தில் இயங்கும் ‘ஃபாமாஸ்’ மாதிரியை வெளியிட்டது. பிறகு இந்த விளையாட்டு உலகம் முழுவதும் பரவியது. இவ்வகைக் குண்டுக்கு ஜப்பானியச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு சுமார் 0.98 ஜூல். ஹாங்காங்கில் அது 2 ஜூல்.

மரத்தை மெருகேற்றுவதால் குண்டின் வேகம் மாறாது. ஆனாலும் ஓர் எச்சரிக்கை. பிரிட்டனில் விளையாட்டுக் குழுவில் சேராதவர்களுக்கு, பார்த்தவுடன் போலி என்று தெரியும்படி பளிச்சென்ற நிறமுள்ள துப்பாக்கிகளைத்தான் விற்பார்கள். அந்த வண்ணப் பகுதியைக் கழற்றிவிட்டு மரத்தைப் பொருத்தி, அசல் போலத் தோன்றச் செய்தால் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி அதுவே குற்றமாகலாம். கட்டையை வாங்கும் முன் உங்கள் குழுப் பொறுப்பாளரிடம் கேட்டுவிடுங்கள்.

இனி மரத்துக்கு வருவோம். ஸ்டாக் எனப்படும் பின்கட்டைதான் தோளில் அணையும் பகுதி. விலை குறைந்த ஏகே மாதிரிகளில் அது மரம் போல நிறமேற்றிய பிளாஸ்டிக்காக இருக்கும். உண்மையான மரக்கட்டையுடன் வருபவற்றில் பெரும்பாலும் தடித்த, பளபளப்பான வார்னிஷ் பூசியிருப்பார்கள். சோவியத் ஏகேஎம் துப்பாக்கியின் கட்டை, மெல்லிய பிர்ச் மர ஏடுகளை ஒட்டிச் செய்தது. அதன் செம்மஞ்சள் வரிகளைத்தான் பலரும் விரும்புகிறார்கள். அமெரிக்க எம்1 கேரண்டுக்கு வால்நட் மரமும் எண்ணெய் மெருகும்.

வேலையைத் தொடங்குமுன் குண்டுப்பெட்டியையும் பேட்டரியையும் கழற்றிவிடுங்கள். சில மாடல்களில் பேட்டரியும் கம்பிகளும் பின்கட்டைக்குள்ளேயே இருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் கம்பி அறுந்துவிடும்.

பழைய வார்னிஷை நீக்கும் இரசாயனத்தைக் காற்றோட்டமான இடத்தில், கையுறையுடன் பயன்படுத்துங்கள். குழி விழுந்த இடத்தில் ஈரத்துணியை வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஒத்தினால், நசுங்கிய நார்கள் நீராவியில் மேலெழும். நார் அறுந்திருந்தால் மட்டும் இது பலிக்காது. அடுத்து 120, 180, 240, 320 என்று படிப்படியாக மென்மையான உப்புத்தாளுக்குப் போங்கள். எப்போதும் மர வரியின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் எண்ணெய் பூசியபின் பல்லிளிக்கும். இரும்போடு சேரும் முனையைத் தொடவே வேண்டாம். அங்கே கொஞ்சம் தேய்ந்தாலும் கட்டை ஆடத் தொடங்கும். புதியவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான். கடைசியில் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால் நுண்ணிய நார்கள் எழுந்து நிற்கும். அவற்றை 320 தாளால் மெல்ல நீவிவிடுங்கள்.

பிர்ச் மரம் சாயத்தைத் திட்டுத் திட்டாக உறிஞ்சும். அதற்கு ஆல்கஹாலில் கரைத்த சாயத்தை மெலிதாகப் பலமுறை பூசுவது நல்லது. மேலே ஆளிவிதை எண்ணெய். ‘காய்ச்சியது’ என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். அதில் விரைவில் உலர்வதற்கான உலோக உப்புகள் கலந்திருக்கும். கலக்காத எண்ணெய் காய வாரக்கணக்கில் ஆகும். மெலிதாகத் தடவி, கால் மணி நேரத்தில் மிச்சத்தை முழுவதும் துடைத்துவிட வேண்டும். ஒரு நாள் இடைவெளியில் நான்கைந்து பூச்சு போதும். தடித்துப் பூசினால் பிசுபிசுப்பு போகவே போகாது.

இந்த வேலையில் உண்மையான ஆபத்து, எண்ணெய் துடைத்த துணிதான். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது வெப்பம் உண்டாகும். துணியைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றி, நெருப்பே இல்லாமல் துணி தானாகப் பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், ‘ஒன் மெரிடியன் பிளாசா’ என்ற 38 மாடிக் கட்டடம் இப்படித்தான் எரிந்தது. சுவர்ப் பலகைகளை மெருகேற்றியவர்கள் விட்டுச்சென்ற ஆளிவிதை எண்ணெய்த் துணிகளில் தொடங்கிய தீயில் மூன்று தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். மாணவர் விடுதி அறையில் இந்த வேலையைச் செய்பவர்கள் இதை மறக்கக்கூடாது. துணியை வெளியே ஒற்றையாக விரித்து முழுவதும் காயவிடுங்கள்; அல்லது தண்ணீரில் ஊறவைத்து, மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள்.

கடைசிப் பூச்சுக்குப் பிறகு ஒரு வாரமாவது பொறுத்துப் பொருத்தலாம். மரத்தில் திருகை அளவுக்கு மீறி முறுக்கினால் விரிசல் விடும்.

படிப்பு முடிந்து ஊர் திரும்பும்போது துப்பாக்கியை அங்குள்ள குழு நண்பரிடம் விற்றுவிட்டு வாருங்கள். கட்டையை மட்டும் நினைவுப் பொருளாகக் கொண்டுவர ஆசைப்பட்டால், பெட்டி கட்டுவதற்கு முன்பே இங்குள்ள போலீஸ் துறையிடம் எழுத்துபூர்வமாகக் கேட்டுக்கொள்வது நல்லது. இதே முறையில் வீட்டிலுள்ள பழைய ஞாத்தோ நாற்காலியைப் புதுப்பிக்க மட்டும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.