துயருக்கு ஒரு வடிவம்: கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் கலை, காடு, ஆறுதல்

கலையும் இயற்கையும் மனத்தை ஆற்றும் என்பதை இன்று மருத்துவ உலகமும் ஏற்கிறது. பித்தப்பை அறுவைக்குப் பின் சன்னல் வழியே மரங்களைப் பார்த்த 23 நோயாளிகள், செங்கல் சுவரை மட்டும் பார்த்த 23 பேரைவிட விரைவில் வீடு திரும்பினர் என்று ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். கலைகளுக்கும் உடல்நலத்துக்கும் உள்ள உறவைப் பற்றி 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளை உலக சுகாதார நிறுவனம் 2019இல் தொகுத்தது. ஆனால் இந்த அறிவு நம் ஊர்களை எட்டும்போது ‘நல்லதையே நினை’ என்ற அறிவுரையாகச் சுருங்கிவிடுகிறது. கள்ளக்குறிச்சி வட்டார வழக்கங்கள் வேறொரு வழியைக் காட்டுகின்றன. துயரை மறக்கச் சொல்லாமல், அதை ஊரறிய வெளிப்படுத்த ஒரு வடிவம் தருகின்றன.

உளுந்தூர்ப்பேட்டை அருகே கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் சித்திரைத் திருவிழாவின்போது திருநங்கையர், மகாபாரதத்தில் களப்பலியான அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்கின்றனர். மறுநாள் தேர் பந்தலடி சேர்ந்ததும் தாலி அறுத்து, வளையல் உடைத்து, ஒப்பாரி வைத்து, வெள்ளைப் புடவை உடுத்துகின்றனர். கைம்மைக் கோலத்தை இச்சடங்கு நிலைநிறுத்துகிறது என்ற விமர்சனம் நியாயமானதே. ஆயினும் பிறந்த வீடு விலக்கியதால், தாய் இறந்தாலும் பக்கத்தில் நின்று அழ முடியாதவர்கள் இவர்களில் உண்டு. அழும் உரிமையை அரவானின் பெயரால் ஓர் ஊரே இங்கே வழங்குகிறது. அந்த அழுகை அரவானுக்கு மட்டும் உரியதன்று.

தெருக்கூத்தும் இதையே வேறு வழியில் செய்கிறது. வட தமிழகத்தில் கருமாதியை ஒட்டி விடிய விடியக் ‘கர்ண மோட்சம்’ ஆடும் வழக்கம் உண்டு. கர்ணனைத் தன் மகன் என்று உயிருள்ளபோது ஊரறியச் சொல்லாத குந்தி, அவன் வீழ்ந்த பிறகு மடியில் கிடத்திக் கதறுகிறாள். இறந்தவரிடம் சொல்லாமல் விட்டதெல்லாம் அந்தக் கதறலோடு சேர்ந்து வெளிவர இடமிருக்கிறது. புலம்புவது கூத்துக்காரர் என்பதால், கூடவே அழுகிறவர் எதற்காக அழுகிறோம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய வடிவம் தேவைப்படும் துயர் இவ்வட்டாரத்திலேயே உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்திலும் சுற்றுப்பகுதிகளிலும் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சாராயச் சாவில் இழப்போடு பழிச்சொல்லும் வீட்டுக்குள் வருகிறது. ‘குடித்துச் செத்தான்’ என்ற ஒற்றை வாக்கியம் அழுகையை அடக்கிவிடுகிறது. உளவியல் ஆலோசனை கட்டாயம் வேண்டும். ஆனால் மூடிய அறையில் தனியாளுக்குத் தரப்படும் ஆலோசனை, ஊர் சுமத்திய வெட்கத்தை முழுதும் இறக்காது. பொதுவெளியில் ஏறிய சுமை பொதுவெளியில்தான் இறங்க முடியும். ஆகவே கூத்துக் கலைஞர்களுக்குத் துயர்நீக்கப் பணியில் ஊதியத்துடன் இடம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இயற்கைக்கு வருவோம். உல்ரிச்சின் நோயாளிக்கு மரம் சன்னலுக்கு வெளியே நின்ற காட்சி. கல்வராயன் மலைவாழ் மலையாளிப் பழங்குடி மக்களுக்கோ காடு கடுக்காயும் தேனும் தினையும் சாமையும் தரும் பிழைப்பு. 1976 வரை ஜாகீர்தாரர்களின் கீழ் இருந்த மலை இது. சாராயச் சாவுகளுக்குப் பின், இம்மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. மேகம் அருவியைக் காண வரும் பயணிக்கு இக்காடு ஓய்வு தரும். உழும் நிலத்துக்குப் பட்டா இல்லாதவருக்கோ அதே காடு வெளியேற்றப்படும் அச்சத்தையும் தரும். எனவே காடு மனத்துக்குத் தரும் நலத்தை இங்கே அளக்க முற்படும் ஆய்வாளர், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, தாம் ஆராயும் குடும்பத்துக்கு உரிமை கிடைத்ததா என்பதைத் தம் வினாநிரலில் முதல் கேள்வியாக வைக்க வேண்டும்.