வடக்கன்குளத்து இரட்டைக் கூடம்

தமிழகத்துத் தேவாலயங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கோபுரத்தின் உயரத்தையும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களின் எழிலையும் வியந்து அமைகின்றனர். நெல்லை மாவட்டத்து வடக்கன்குளத்தில் 1872ஆம் ஆண்டு எழுந்த திருக்குடும்ப ஆலயத்திற்கு அந்த வியப்புப் போதாது. அங்கே நோக்கத்தக்கது தரைத்திட்டம்.

மேலைநாட்டு மரபில் தேவாலயம் நீண்டதொரு கூடமாகத் தொடங்கிப் பலிபீடத்தில் முடியும். குறுக்கே இரு கைகள் நீளுமாயின் சிலுவை வடிவம் பெறும். வடக்கன்குளத்திலோ கூடங்கள் இரண்டு. தனித்தனியே தொடங்கும் அவை பீடத்தருகே வந்து கூடுகின்றன. ஒரு கூடத்தில் வேளாளரும் அவரைச் சார்ந்தோரும். மற்றொன்றில் நாடார் முதலியோர். பீடத்தில் நிற்கும் குருவை இரு சாராரும் காணலாம்; ஒருவரோடொருவர் கலக்க வேண்டியதில்லை. காற்சட்டைக் கோயில் என்று இதற்கொரு பெயர் வழங்கியது. கட்டடக்கலை அறிஞர் எவரும் இத்தனை சுருக்கமாக இவ்வமைப்பை விளக்கிவிட முடியாது.

இதனை வகுத்தோர் சாதியைப் போற்றியவர்கள் என்று கூறிவிடுவது எளிது. வழிபாட்டில் யார் எங்கே அமர்வது என்னும் பூசல் இயேசு சபையாரை நெடுங்காலம் அலைக்கழித்தது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி காலந்தொட்டே, மறைபரப்பும் சாதி வழக்கமும் எங்கே பிரிவது என்ற வினா அச்சபையில் தீராதிருந்தது. இரு சாராரையும் இழக்க மனமில்லாத குருமார் அவ்வினாவிற்குச் செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் விடை கண்டனர். பேச்சில் செய்துகொண்ட உடன்பாட்டை மாற்றலாம். அதையே கட்டி எழுப்பிவிட்டால் அடுத்த தலைமுறை பிறக்கும்போதே தனக்குரிய கூடத்தோடு பிறக்கிறது. இதுவே அந்த ஆலயத்தின் பெரும்பிழை எனல் வேண்டும்.

1910இல் கௌசானல் அடிகளார் காலத்தில் இரு சாராரையும் பிரித்து நின்ற தடுப்பு இடிக்கப்பட்டது. தடுப்புப் போயிற்றே தவிரக் கூடங்கள் ஒன்றாகவில்லை. தனியிடம் தம் வழிவழி உரிமை என்று வாதிட்டு வேளாளர் தரப்பினர் நீதிமன்றத்தை நாடினர். சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்ற அவ்வழக்கு அவர்களுக்குத் தோல்வியிலேயே முடிந்தது. இறைவன் திருமுன் இன்னார்க்கு இன்ன இடம் என்பதை ஆங்கில அரசின் நீதிபதிகள் முன் நிலைநாட்ட முயன்ற விந்தையை என்னென்பது!

இவ்வூருக்கு இன்னொரு பழஞ்சிறப்பும் உண்டு. இரட்டைக் கூடம் எழுவதற்கு நூறாண்டுகளுக்கு மேல் முன்னர், 1745இல், திருவிதாங்கூர் அரசுப் பணியிலிருந்த நீலகண்டபிள்ளை இங்கேதான் புத்தாரி அடிகளாரிடம் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சிறையும் சித்திரவதையும் நாடுகடத்தலும் கண்டு, 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். சாதி வேறுபாடு பாராது எல்லாரோடும் பழகியமையும் அவர்மீது பகை மூண்டதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அவர் ஞானம் பெற்ற மண்ணிலேயே 1872இல் இரண்டு கூடங்கள் எழுந்தன.

2022 மே 15ஆம் நாள் உரோமையில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். அதற்கு முன்னரே, பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' என்னும் சாதிப் பட்டத்திற்கு எதிர்ப்பெழவே, வத்திக்கான் அதனைத் தன் ஆவணங்களிலிருந்து நீக்கிவிட்டிருந்தது. அன்று வாசிக்கப்பட்ட பெயரில் அப்பட்டம் இல்லை.