பின்னலாடை அலுவலகத்தின் மேசைக் கணினி: உறுப்புத் தேர்வின் வரிசை குறித்து

1. எல்லையும் வரையறைகளும்

திருப்பூரில் ஒரு மேசைக் கணினிக்கு விலைச்சீட்டு கேட்டால் அது பிராசசரில் தொடங்கும். மதர்போர்டு, ரேம், கிராபிக்ஸ் கார்டு என்று இறங்கி, கேபினட்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் ஒரே வரியில் முடித்துவிடும். யுபிஎஸ் பல வேளைகளில் அந்தச் சீட்டிலேயே இருக்காது. இதை 'விலைச்சீட்டு வரிசை' எனக் குறிப்போம். பின்னலாடைத் தொழில் நடக்கும் இடங்களில் இவ்வரிசை ஏறக்குறையத் தலைகீழாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கூற்று.

ஆய்வுக்கு உட்பட்டவை காதர்பேட்டையின் மொத்த வியாபாரக் கடை முதல் அவிநாசி சாலையின் ஏற்றுமதி நிறுவனம் வரை பயன்படும் மேசைக் கணினிகள். மடிக்கணினி, சர்வர், விளையாட்டுக் கணினி ஆகியவற்றுக்குக் காரணங்கள் வேறு, அவற்றை விட்டுவிடுகிறோம்.

கணினியின் பாகங்களை அவை செய்யும் தொழிலால் அல்லாமல், தவறாகத் தேர்ந்தால் விளையும் இழப்பால் வகுக்கிறோம். எதை மாற்றினால் பிறவற்றையும் மாற்ற நேருமோ அது பிணைப்புறுப்பு: மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ், கேபினட். வேலையின் வேகத்தை நேராகத் தீர்மானிப்பது உழைப்புறுப்பு: பிராசசர், ரேம், கிராபிக்ஸ் கார்டு. பணத்தால் திரும்பப் பெற முடியாததை வைத்திருப்பதோ அதைக் காப்பதோ காப்புறுப்பு: சேமிப்பு வட்டு, யுபிஎஸ். எஸ்எம்பிஎஸ்ஸைக் காப்புறுப்பு என்று ஒருவர் வாதிட்டால் நாம் மறுக்கமாட்டோம். அது கெடும்போது தனியாகக் கெடுவதில்லை. மானிட்டர் இம்மூன்றிலும் அடங்காது. அதற்குரிய இடத்தில் காண்போம்.

2. வேலைகளின் வகை

பனியன் கம்பெனியில் கணினி செய்யும் வேலைகளைக் கோப்பின் அளவால் வகைப்படுத்துவதே பயன் தரும்.

கணக்கு வேலை முதல் வகை. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபின், நான்கு மெஷின் போட்ட ஜாப் ஒர்க் யூனிட்டுக்கும் பில், இ-வே பில், ரிட்டர்ன் என்று திரையின் முன் உட்காரும் வேலை வந்துசேர்ந்தது. மெர்ச்சண்டைசரின் வேலையும் இவ்வகையே: மெயில், எக்செல், பையர் அனுப்பும் டெக் பேக், பிரவுசரில் திறந்து கிடக்கும் இருபது பக்கங்கள். இங்கே கோப்புகள் சிறியவை, ஒரே நேரத்தில் திறந்திருப்பவை பல.

எம்ப்ராய்டரி பஞ்சிங் இரண்டாம் வகை. பரவலாக வழங்கும் டிஎஸ்டி கோப்பில் ஒரு தையலுக்கு மூன்று பைட் போதும். 20,000 தையல் கொண்ட டிசைனின் அளவு ஏறத்தாழ 60 கிலோபைட்தான். பஞ்சிங் கற்றவரின் கைத்திறன் அரிது. அதற்கு வேண்டிய கணினி எளிது. இந்த வேலைக்கென்று விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு விற்கப்படும்போது வாங்குபவர் ஏமாறுகிறார் என்றே சொல்ல வேண்டும்.

பேட்டர்ன் கிரேடிங், மார்க்கர் போடுதல் மூன்றாம் வகை. கோடுகளால் ஆன கோப்புகள் என்பதால் இவையும் சிறியவை. ஆயினும் துணி வீணாகாமல் துண்டுகளைத் தானாக அடுக்கும் கணக்கீட்டுக்குப் பிராசசர் நெடுநேரம் உழைக்கிறது.

நான்காவது பிரிண்ட் டிசைன். இங்கே அளவுகள் ஒரேயடியாக மாறிவிடுகின்றன. மார்பில் அடிக்கும் 30 × 40 செ.மீ. படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி எனக் கொண்டால் ஏறத்தாழ 1.67 கோடி புள்ளிகள். நான்கு நிறத்துக்குச் செபரேஷன் செய்தால், புள்ளிக்கு ஒரு பைட் வீதம் 67 மெகாபைட். ஆல்ஓவர் பிரிண்டை எடுத்துக்கொள்வோம். ரோட்டரி ஸ்கிரீனின் வழக்கமான சுற்றளவு 64 செ.மீ.; துணியின் அகலம் 180 செ.மீ. என்று வைத்து முழு அகலத்துக்கும் விரித்தால், ஒரு நிறத்துக்கே 16 கோடிப் புள்ளிகள். எட்டு நிறத்துக்கு ஏறத்தாழ 1.3 ஜிகாபைட். எம்ப்ராய்டரிக் கோப்பைப்போல் இருபதாயிரம் மடங்குக்கும் மேல். வரைபவர் பின்னோக்கித் திரும்பும் ஒவ்வொரு படியையும் மென்பொருள் நினைவில் வைத்திருப்பதால், பிடிக்கும் இடம் இதன் பல மடங்காகும்.

துணி உடலில் விழும் விதத்தைத் திரையிலேயே காட்டும் முப்பரிமாணச் சாம்பிள் வேலை ஐந்தாவது. கிராபிக்ஸ் கார்டு உண்மையிலேயே தேவைப்படும் வகை இது ஒன்றே. சிஎல்ஓ போன்ற மென்பொருளில் கார்டின் வழியே துணியசைவைக் கணக்கிட என்விடியா கார்டு வேண்டும். வேறு நிறுவனத்தின் கார்டு மலிவாகக் கிடைத்தாலும் இவ்வேலைக்குப் பொருந்தாது.

3. முட்டுப்புள்ளி

ஒரு வேலை நடக்கையில் எந்த உறுப்புக்காக மற்றவை காத்திருக்கின்றனவோ, அது அவ்வேலையின் முட்டுப்புள்ளி. தையல் லைனில் ஓவர்லாக் முடிந்த துண்டுகள் பேட்லாக் டைலரின் அருகே குவியும்போது, ஓவர்லாக்குக்கு இன்னோர் ஆளைப் போட்டால் குவியல்தான் உயரும். கணினியிலும் அப்படியே.

இவ்வரையறையிலிருந்து பெறப்படும் முடிவு ஒன்று உண்டு: முட்டுப்புள்ளி வேலைதோறும் மாறும். 'வேகமான கணினி' என்று பொதுவாக ஒன்று இல்லை. பழைய கணக்குக் கணினியில் முட்டுப்புள்ளி பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டு, சிதறிக் கிடக்கும் தகவல்களை நொடிக்கு நூறு முறை அளவிலேயே தேடியெடுக்கும். சாதாரணச் சாட்டா எஸ்எஸ்டி பல்லாயிரம் முறை எடுக்கும். பிராசசரைத் தொடாமல் இதை மட்டும் மாற்றினாலே அக்கணினி வேறொன்றாகிவிடும். அதே இடத்தில் சாட்டாவை விட்டு என்விஎம்இ போட்டால், நொடிக்கு 550 மெகாபைட் 3,500 ஆகும். கணக்கெழுதுபவர் வேறுபாட்டை உணரமாட்டார். 1.3 ஜிகாபைட் கோப்பைத் திறப்பவர் உணர்வார்.

கண்டறியும் முறை எளியது. வேலை தாமதப்படும் அதே நிமிடத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிராசசர், மெமரி, டிஸ்க் ஆகிய மூன்றில் எது உச்சத்தில் நிற்கிறது என்று காண வேண்டும். பிராசசரைப் பார்க்கும்போது மட்டும் மொத்தச் சதவீதம் போதாது. பல கோர்களில் ஒன்று மட்டும் முழுதாக உழைத்து மற்றவை சும்மா இருந்தால், மொத்தம் தாழ்வாகவே தெரியும். அவ்வேளையில் கோர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது வீண். தனிக் கோரின் வேகமே வேண்டுவது.

4. இடம் தரும் காரணங்கள்

பிற ஊர்க் கணினிக்குச் சொல்லும் அறிவுரை இங்கே செல்லாமற்போவதற்கு இரண்டு காரணங்கள்: பஞ்சும் மின்சாரமும்.

நிட்டிங், கட்டிங், செக்கிங் நடக்கும் இடமெங்கும் பருத்தியின் நுண்ணிழை மிதக்கிறது. மண்தூசியைப்போல் அது உதிர்வதில்லை. ஒன்றோடொன்று பின்னிப் படலமாகிறது. ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கிடையே அப்படலம் அமர்ந்தபின் காற்றாடி சுழன்றாலும் காற்று நுழையாது. பிராசசரின் வெப்பம் 95 முதல் 100 டிகிரியை எட்டும்போது அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். உயர்ந்த விலைப் பிராசசர், பஞ்சடைத்த கூட்டுக்குள் தாழ்ந்த விலைப் பிராசசராக வேலை செய்யும். சித்திரை வெயிலில் தகரக் கூரை அறையில் இது விரைந்து நேரும்.

ஆகவே கேபினட்டில் காண வேண்டியது கண்ணாடியும் வண்ண விளக்கும் அல்ல. காற்று உள்ளே வரும் வழிகள் எல்லாவற்றிலும் கழற்றிக் கழுவக்கூடிய வலை இருக்க வேண்டும்; உள்ளிழுக்கும் காற்றாடிகளின் திறன் வெளியேற்றுபவற்றைவிட மிகுந்திருக்க வேண்டும். அப்போது கூட்டுக்குள் காற்றழுத்தம் சற்றுக் கூடி, வலையில்லாத இடுக்குகள் வழியே பஞ்சு நுழையாது. பஞ்சு முழுதும் வலையிலேயே படியும்; கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அடைப்பது நல்லதே. பிராசசர் கூலரிலும் நெருக்கமான தகடுகளைவிட இடைவெளி விட்ட தகடுகள் மேல்.

தையல் யூனிட்டுகளில் கம்ப்ரஸர் கையெட்டும் தூரத்தில் இருப்பதால் மெஷினைத் துடைக்கும் ஏர் லைனையே கணினிக்கும் பிடிக்கிறார்கள். வடிகட்டி இல்லாத லைனில் நீர்த்துளியும் எண்ணெயும் சேர்ந்து வரும். பிடித்து நிறுத்தாத காற்றாடி அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் கெடும். கையில் பிடிக்கும் சிறு புளோயரே தக்கது.

மின்சாரத்துக்கு வருவோம். 2012-ஐ ஒட்டிய கடும் மின்வெட்டுக் காலத்தில் ஜெனரேட்டர் இல்லாமல் இவ்வூரில் தொழில் நடக்கவில்லை. இன்று வெட்டு குறைந்திருந்தாலும், லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாறும் அந்தச் சில நொடிகளே கணினிக்கு ஆபத்தானவை. யுபிஎஸ் அந்த இடைவெளியை மட்டும் கடந்தால் போதும். இங்கே கவனிக்க வேண்டிய எண் வாட். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்படுவது விஏ. 600 விஏ என்பவற்றில் பல, 360 வாட் மட்டுமே தருவன. உள்ளே இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி கணக்குப்படி 84 வாட்-மணி. வேகமாக இறக்கும்போது கைக்கு வருவது அதைவிட வெகு குறைவு. 200 வாட் இழுக்கும் டிசைன் கணினிக்கு அது பத்து நிமிடத்தை ஒட்டியே வரும். சேமித்து மூட அது போதும், வேலையைத் தொடரப் போதாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. தரமான எஸ்எம்பிஎஸ்கள் மின்னோட்டத்தின் வடிவைத் தாமே சீராக்கும் சுற்றைக் கொண்டவை. மலிவான யுபிஎஸ்கள் பேட்டரியில் ஓடும்போது வழவழப்பான அலைக்குப் பதிலாகப் படிப்படியான அலையைத் தருகின்றன. இவ்விரண்டும் சில இணைகளில் ஒத்துப்போவதில்லை. பேட்டரிக்கு மாறிய கணமே கணினி அணைந்துவிடும். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை வாங்கியவருக்கே இத்துன்பம் நேர்வது விந்தைதான். எனவே இரண்டையும் ஒருசேர வாங்கி, வாங்கிய அன்றே பிளக்கைப் பிடுங்கிச் சோதிக்க வேண்டும்.

5. தேர்வின் படிகள்

மேற்கண்ட காரணங்களால் தேர்வு யுபிஎஸ், எஸ்எம்பிஎஸ், கேபினட் என்று தொடங்குகிறது. அடுத்தது சேமிப்பு. ஒவ்வொரு கணினிக்கும் எஸ்எஸ்டி ஒன்று. அதனோடு வேறிடத்தில் நகல் ஒன்று. நகலுக்குச் செலவிடாமல் பெரிய எஸ்எஸ்டி வாங்குவது வரிசை பிறழ்ந்த செயல்.

மதர்போர்டு அடுத்த படி. இதில் பிராசசர் பொருந்தும் சாக்கெட்டே வருங்காலத்தைத் தீர்மானிக்கிறது. இன்டெல்லின் எல்ஜிஏ 1700 சாக்கெட் 12 முதல் 14 வரையிலான தலைமுறைகளோடு நின்றது; 2024 இறுதியில் வந்த பிராசசர்களுக்கு எல்ஜிஏ 1851 வேண்டும். ஏஎம்டியின் ஏஎம்4 2017 முதல் பல தலைமுறைகளைத் தாங்கியது. 2022-இல் வந்த ஏஎம்5 டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். எல்ஜிஏ 1700 போர்டுகளில் டிடிஆர்4 ஏற்பவையும் டிடிஆர்5 ஏற்பவையும் தனித்தனியே உண்டு. ஒன்றின் ரேம் மற்றதில் அமராது. ரேம் குழிகள் நான்கு உள்ள போர்டு சற்றுக் கூடுதல் விலையானாலும், பிரிண்ட் டிசைனுக்கு அதையே கொள்ள வேண்டும்.

பிறகே ரேம்: கணக்குக்கு 8 ஜிபி நடக்கும், 16 நிம்மதி; பிரிண்ட் டிசைனுக்கு 32-இல் தொடங்க வேண்டும். பிராசசர் கடைசியை ஒட்டி வருகிறது. கணக்கு, பஞ்சிங் கணினிகளில் கவனிக்க வேண்டியது பெயரின் கடைசி எழுத்து. இன்டெல்லில் 'எஃப்' என்று முடிபவற்றில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை; பிராசசரில் மிச்சம் பிடித்த பணம் கார்டு வாங்கப் போய்விடும்.

மானிட்டரில் செலவு பிரிண்ட் டிசைன் இருக்கைக்கே உரியது. ஐபிஎஸ் பேனல், எஸ்ஆர்ஜிபி வண்ணவெளியை ஏறக்குறைய முழுதும் காட்டும் திறன், அளவுக்கருவியால் நிறம் திருத்தும் வழக்கம் ஆகிய மூன்றும் சேர வேண்டும். எத்துணைத் திருத்தினாலும் ஷேடை ஒப்புக்கொள்வது லைட் பாக்ஸில் வைத்த லேப் டிப்பே. திரை அதற்கு மாற்றாகாது. சாயப்பட்டறையோடு சண்டை வருவது பெரும்பாலும் இதை மறந்த இடத்தில்தான்.

பில் பற்றிச் சுருக்கமாக: 18 சதவீத ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரவாக எடுக்கவும், வருமான வரியில் 40 சதவீதத் தேய்மானம் காட்டவும், உறுப்புகளின் சீரியல் எண் பதிந்த பில் வேண்டும். வாரண்டிக்கும் அதுவே சான்று.

6. மேம்படுத்தலும் அதன் விலக்கும்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0-வையும், பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறையையோ ரைசன் 2000 வரிசையையோ கேட்கிறது. இதனால் நன்றாக ஓடும் பல கணினிகள் மாற்றத்துக்கு உள்ளாகின்றன. முட்டுப்புள்ளி ஒரே உழைப்புறுப்பில் இருந்து, பிணைப்புறுப்பு இந்த வரம்புக்குள்ளும் இருந்தால் மேம்படுத்தலாம். மதர்போர்டே வரம்புக்கு வெளியே இருந்தால் ரேம் கூட்டுவதும் வீண். கேபினட், எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி ஆகியவற்றை வைத்துக்கொண்டு உள்ளிருப்பதைப் புதிதாக்கலாம். பழைய பிராசசர் வாங்குவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: இன்டெல் 13, 14-ஆம் தலைமுறைகளின் உயர்ரகங்களில் நிலைத்தன்மைக் குறை வெளிப்பட்டு, 2024 ஆகஸ்டில் அந்நிறுவனம் வாரண்டியை இரண்டாண்டு நீட்டியது. பயாஸ் புதுப்பிக்காமல் ஓடிய ஒன்றை மலிவென்று எடுக்கலாகாது.

இவ்விதிகளுக்கு உட்படாத வகை ஒன்றுண்டு. ஃப்ளாப்பியில் டிசைன் கேட்கும் பழைய எம்ப்ராய்டரி மெஷின், பேரலல் போர்ட் டாங்கிளில் உரிமம் பூட்டிய மென்பொருள், சீரியல் கேபிளில் பேசும் பிளாட்டர் ஆகியவற்றோடு கட்டுண்ட கணினியைப் 'பிணைக் கணினி' என்கிறோம். அதன் மதிப்பு அதன் உறுப்புகளில் இல்லை. அது ஓட்டும் மெஷினில் இருக்கிறது. அதை மேம்படுத்தக் கூடாது. இணையத்திலிருந்து துண்டித்து, பழையபடியே பேண வேண்டும். வட்டின் முழு நகல் ஒன்றை எடுத்து, அதே கணினியில் அந்நகலைப் பொருத்தி மெஷினுக்கு ஒரு டிசைன் அனுப்பிப் பார்த்தபின் அலமாரியில் வைக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் ஒன்றும் சிமாஸ் பேட்டரி ஒன்றும் உதிரியாக இருத்தல் நலம். நகல் வட்டு டாங்கிளுக்கு ஈடாகாது. டாங்கிள் உடைந்தால் மென்பொருள் திறக்காது. ஆகவே மென்பொருள் விற்றவர் இன்னும் தொழிலில் இருக்கும்போதே யுஎஸ்பி டாங்கிளுக்கு மாற்றித் தருவாரா என்று கேட்டு, மாற்றிக்கொள்ள வேண்டும்.