உதையை வேலை வாங்கிய துப்பாக்கி

ஒரு தோட்டா வெடிக்கும்போது அதன் மருந்தில் பிறக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் குண்டோடு போகிறது. மீதி குழலைச் சூடாக்குகிறது, வாயுவாக முன்னால் பீறிடுகிறது, சுடுபவரின் தோளில் உதையாக விழுகிறது. செமி ஆட்டோமேட்டிக் எனப்படும் அரைத் தானியங்கி வேட்டைத் துப்பாக்கி, வீணாகும் இந்த மிச்சத்தில் சிறிதளவை எடுத்துக்கொண்டு வெற்றுக்கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிவைக்கிறது. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டுதான் போகும். அடுத்ததற்கு விசையை விட்டு மறுபடி இழுக்க வேண்டும். அதன் வரலாறு, மிச்ச ஆற்றலை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்விக்குத் தேடிய விடைகளின் வரலாறு. ஒவ்வொரு விடையும் சுடுதளத்தில் புதிதாக ஒரு சோதனையைக் கொண்டுவந்தது.

அதற்கு முன்பும் துப்பாக்கிகளைச் சோதித்தார்கள். ஆனால் அது குழலின் உறுதியைப் பார்க்கும் சோதனை. பெல்ஜியத்தின் லியேழ் நகரில் 1672-இல் இளவரச ஆயரின் ஆணையால் குழல் சோதனை முறை ஏற்பட்டது. பர்மிங்காமில் 1813-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றச் சட்டத்தின்படி சோதனைச் சாலை அமைந்தது. வழக்கத்தைவிட மிகுதியான மருந்தை வைத்துச் சுட்டுப் பார்ப்பார்கள். குழல் வெடிக்காமல் தாங்கினால் முத்திரை குத்துவார்கள். தாங்கிய குழல் நல்ல குழல், அவ்வளவுதான். தானே தோட்டா ஏற்றும் துப்பாக்கிக்கு இது போதாது. குழல் உறுதியாக இருந்தும், குண்டு குறியில் பட்டும், வெற்றுக்கூடு பாதி வழியில் சிக்கிக்கொண்டால் வேட்டைக்காரர் கையில் இருப்பது ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிதான்.

கண்டுபிடிப்பாளர் ஹைரம் மாக்சிம் 1880-களின் தொடக்கத்திலேயே ஒரு வின்செஸ்டர் நெம்புகோல் துப்பாக்கியின் பின்கட்டையில் சுருள்வில் பொருத்தி, தோளில் விழும் உதையைக் கொண்டே நெம்புகோலை இயக்கிக் காட்டினார். ஆனால் அன்றைய கரும்புகை மருந்து எரிந்தபின் குழலிலும் பூட்டிலும் கெட்டியான கரி படிந்துவிடும். நுட்பமான நகரும் உறுப்புகளுக்கு அது எமன். பிரான்சில் பால் வியேல் 1884-இல் உருவாக்கிய புகையற்ற மருந்துதான் வழியைத் திறந்தது. கரி குறைந்தது, அழுத்தம் கூடியது, ஒவ்வொரு வெடிப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி அமைந்தது. இயந்திரம் நம்பி இயங்க வேண்டுமென்றால் முதல் தேவை அந்த ஒரே மாதிரிதான்.

இந்தத் துறையின் பெருந்தச்சர் ஜான் மோசஸ் பிரௌனிங். 1855-இல் யூட்டாவின் ஆக்டென் ஊரில், துப்பாக்கித் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். 1889-இல் ஊர்க்காரர்களோடு குறி சுட்டுக்கொண்டிருந்தபோது, சுடுபவரின் குழல் வாய்க்கு முன்னாலிருந்த செடிகள் ஒவ்வொரு வெடிக்கும் சாய்ந்ததைக் கவனித்தார் என்று அவர் குடும்பத்தார் எழுதிவைத்த வரலாறு சொல்கிறது. சுடுதளத்துக்கு வந்த எல்லோரும் பார்த்திருக்கக்கூடிய காட்சிதான். செடியைச் சாய்க்கும் காற்றுக்கு வேறு வேலை கொடுக்கலாமே என்று அவருக்குத்தான் தோன்றியது. பட்டறைக்குத் திரும்பி, துளையிட்ட ஓர் இரும்புக் கட்டியைக் குழல் வாயின் முன் வைத்துச் சுட்டார். குண்டு துளை வழியே போனது. பின்னால் வந்த வாயு இரும்பைத் தூக்கி எறிந்தது. அடுத்து அந்த வாயுவால் நெம்புகோலை அசைத்தார். அதிலிருந்து பிறந்தது 1895-ஆம் ஆண்டின் கோல்ட் இயந்திரத் துப்பாக்கி.

வேட்டைத் துப்பாக்கி என்று வந்தபோது பிரௌனிங் வாயுவை விட்டுவிட்டு உதையை எடுத்துக்கொண்டார். 1900-இல் அவர் காப்புரிமை பெற்ற அமைப்பில் குழலும், அதன் பின்வாயை அடைக்கும் போல்ட்டும் பூட்டியபடியே சேர்ந்து முழுதாகப் பின்னால் நகர்கின்றன. போல்ட் பின்னால் நிற்க, குழல் மட்டும் சுருள்வில்லால் முன்னே ஓடுகிறது. அப்போது வெற்றுக்கூடு கழன்று வெளியே தெறிக்கிறது. பிறகு போல்ட் முன்னே பாய்ந்து, தோட்டாக்களை அடுக்கிவைக்கும் மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு பூட்டிக்கொள்கிறது. இத்தனையும் கண் இமைக்கும் நேரத்துக்குள். ரெமிங்டன் நிறுவனம் இதை 1906-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1911-இல் அதற்கு மாடல் 8 என்று பெயரிட்டது.

குழலே முன்னும் பின்னும் ஓடும் துப்பாக்கியில் குறிமுள்ளை எங்கே பதிப்பது? பிரௌனிங் குழலைச் சுற்றி ஓர் எஃகு உறையை வைத்து, குறிமுள்ளையும் பின்குறியையும் அந்த அசையாத உறைமேல் அமைத்தார். ஆகவே குண்டு குறியில் விழ வேண்டுமானால், ஓடிப்போன குழல் ஒவ்வொரு முறையும் உறைக்குள் அதே இடத்தில் வந்து அமர வேண்டும். காகித இலக்கில் துளைகள் நெருங்கி விழுவதும் சிதறி விழுவதும் அந்தத் திரும்பி அமர்தலின் அளவுகோல். தடித்த உறையும் வலுவான சுருள்வில்லும் சேர்ந்து துப்பாக்கியைக் கனமாக்கின. அந்தக் கனம் தோளுக்குத் தாங்கலாகவும் இருந்தது. மேகசினில் 5 தோட்டாக்கள். விளிம்பு துருத்தாத புதிய தோட்டா வகைகள் இதற்கென்றே வந்தன. 1936 வரை சுமார் 80,000 துப்பாக்கிகள் செய்யப்பட்டன. மான் வேட்டைக்கு வந்த கருவி காவலர் கைக்கும் போனது. டெக்சாஸ் ரேஞ்சராக இருந்த ஃபிராங்க் ஹேமர் இதை விரும்பி வைத்திருந்தார்.

போட்டி நிறுவனமான வின்செஸ்டரில் டி. சி. ஜான்சன் வேறு வழி பார்த்தார். 1905, 1907, 1910 மாடல்களில் பூட்டே கிடையாது. போல்ட்டோடு இணைந்த கனமான இரும்புப் பளு ஒன்று முன்கட்டைக்குள் இருக்கும். வெடித்த கணத்தில் அந்தப் பளுவின் சோம்பலே தோட்டாவைப் பிடித்து நிறுத்துகிறது. குண்டு வெளியேறும்வரை அது மிகச் சிறிதளவே நகர்கிறது, பிறகுதான் முழுதாகப் பின்வாங்குகிறது. அமைப்பு எளிமையானது, குழலும் அசையாது. ஆனால் தோட்டாவின் வலு கூடக்கூடப் பளுவும் கூட வேண்டும். இந்த வழிக்கு அதுவே எல்லை.

வாயு வழியையும் அதே காலத்தில் சிலர் முயன்றார்கள். டெலவேரின் வில்மிங்டனில் ஸ்டாண்டர்ட் ஆர்ம்ஸ் நிறுவனம் 1910-ஐ ஒட்டி ஒரு வாயுத் துப்பாக்கியை விற்றது. வாயுத் துளையை மூடிவிட்டுக் கையாலும் அதை இயக்கலாம். தானே இயங்குமா என்ற ஐயம் வாங்குவோருக்கு எவ்வளவு இருந்தது என்பதை இந்த ஒரு வசதியே சொல்லிவிடுகிறது. நிறுவனம் நீடிக்கவில்லை.

நிலைமையை மாற்றியது இரண்டாம் உலகப் போர். ஜான் கேரண்ட் வடிவமைத்த எம்1 துப்பாக்கியை அமெரிக்கப் படைவீரர்கள் இலட்சக்கணக்கில் கையாண்டு பழகினார்கள். அது வாயுவால் இயங்குவது. வீடு திரும்பியவர்களுக்கு அந்த வழியின் மீது ஐயம் இருக்கவில்லை. ரெமிங்டன் 1955-இல் மாடல் 740-ஐயும், பிரௌனிங் நிறுவனம் 1967-இல் பார் எனப்படும் வேட்டைத் துப்பாக்கியையும் வெளியிட்டன. பின்னதற்கு முதல் உலகப் போர்க்காலத்து இயந்திரத் துப்பாக்கியின் பெயர்தான் வந்ததே தவிர, உள்ளமைப்பு வேறு. பெல்ஜியத்தின் ஹெர்ஸ்டாலில் செய்யப்பட்ட அதில் குழலின் சிறு துளை வழியே வரும் வாயு பிஸ்டனைத் தள்ளுகிறது. பல பற்கள் கொண்ட போல்ட்டின் தலை சுழன்று திறக்கிறது. பெரிய விலங்குகளுக்கான வலுமிக்க தோட்டாக்களையும் அதனால் தாங்க முடிந்தது. பிரௌனிங் 1889-இல் செடிகளில் பார்த்த வாயு மான் வேட்டைத் துப்பாக்கியில் நிலைபெற ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் பிடித்தன.

இன்று இத்தகைய புதிய துப்பாக்கி சுடுதளத்துக்கு வருமுன், பல ஐரோப்பிய நாடுகளில் சோதனைச் சாலையைத் தாண்டி வருகிறது. ரைபிள்களை, அனுமதிக்கப்பட்ட அழுத்தத்தைவிட 25 விழுக்காடு கூடிய தோட்டாவால் அங்கே சோதிக்கிறார்கள். சுடுதளத்தில் மணல்மூட்டைமேல் முன்கட்டையைத் தாங்கவைத்து, ஒரே தோட்டா வகையால் மூன்று அல்லது ஐந்து குண்டுகள் சுட்டு, துளைகளின் நெருக்கத்தை அளக்கிறார்கள். குழல் சூடேறினால் குண்டு விழும் இடம் நகரக்கூடும் என்பதால் இடையிடையே ஆறவிடுவது வழக்கம். கையால் போல்ட்டை இழுத்துவிட்டு ஏற்றிய முதல் தோட்டாவின் துளை சிலவேளை மற்றவற்றிலிருந்து விலகி விழும். வேட்டையில் முக்கியமானது அந்த முதல் குண்டே என்பதால், தேர்ந்தவர்கள் அதைத் தனியே குறித்துக்கொள்கிறார்கள்.

இலக்கு எவ்வளவு சொல்லுமோ அவ்வளவு வெற்றுக்கூடுகளும் சொல்லும். எல்லாம் ஒரே பக்கம், ஒரே தொலைவில் விழுந்தால் வாயுவும் சுருள்வில்லும் ஒத்துப்போகின்றன. காலடியிலேயே துவண்டு விழுந்தால் இயக்கத்துக்கு ஆற்றல் போதவில்லை. வெகுதூரம் பறந்து, விளிம்பு நசுங்கிக் கிடந்தால் வாயு மிகுதி. வேறு எடைக் குண்டுள்ள தோட்டா வகைக்கு மாறும்போது இதை மறுபடி பார்க்க வேண்டும்.

வேகமாக அடுத்த குண்டைச் சுட முடிவது விலங்குக்கு நியாயமா என்ற கேள்வியும் இந்தத் துப்பாக்கியோடு கூடவே வந்தது. ஐரோப்பியச் சமூகத்தின் 1979-ஆம் ஆண்டுப் பறவைகள் ஆணையும் 1992-ஆம் ஆண்டு வாழிட ஆணையும், இரண்டு தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் மேகசினுள்ள அரைத் தானியங்கித் துப்பாக்கிகளைத் தடைசெய்ய வேண்டிய வேட்டை முறைகளுள் சேர்த்தன. அதனால் அங்கே இரண்டு தோட்டா மேகசினோடும் இவற்றைச் செய்து விற்கிறார்கள். குழலில் ஒன்று, மேகசினில் இரண்டு.