ஒற்றனும் சாவியும்
வலைப்பின்னலில் இருக்கும் யந்திரங்களைக் கண்காணித்து நிர்வகிக்க 1988இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி கேஸ் முதலிய நால்வர் எஸ்.என்.எம்.பி. என்ற விதிமுறையை வகுத்தார்கள். யந்திரத்துக்குள் ஓர் ஏஜெண்ட், ஒற்றன் மாதிரி. மேலாளர் கேட்டால் பதில் சொல்லும். அடையாளச் சொல் பெரும்பாலும் ‘பப்ளிக்’! அதுவும் மறைப்பில்லாமலே கம்பியில் போகும். பூட்டிய வீட்டின் சாவியைத் திண்ணையில் வைத்த கதை என்று எனக்குச் சிரிப்பு வருகிறது. மூன்றாம் பதிப்பில்தான் மறையாக்கம் வந்தது.

இன்று தேடும் ஏஜெண்ட் அலுவலகத்துக்குள் முகவரி முகவரியாய்க் கதவைத் தட்டுகிறது. உத்தரவு கிளவுட் கன்ஸோலிலிருந்து வருகிறது. சாவிக்கொத்து முழுவதும் அதன் கையில். சாவிக்கொத்தைச் செய்து தருகிறவர் வீட்டிலேயே கள்ளன் புகுந்தால்? 2020 டிசம்பரில் வெளிப்பட்டது அதுதான். சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் ஓரையன் என்ற கண்காணிப்பு மென்பொருளுக்கு வந்த புதுப்பிப்பிலேயே கள்ள நிரல் ஒளிந்திருந்தது. ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்கள் அதைத் தங்கள் கையாலேயே நிறுவிக்கொண்டார்கள். அமெரிக்க அரசின் கருவூலத் துறைக்குள்ளும் கள்ளன் நுழைந்துவிட்டான்.